மின்னி போட்ட கணக்கு

ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட ஒரு புத்தகம் சொல்லுங்கள் என்று கேட்கிற பெற்றோருக்கு இனிமேல் தயங்காமல் நான் சொல்லப்போவது 'டானி டன் அண்ட் தி ஹோம்வொர்க் மெஷின்'. 1958இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆங்கிலச் சிறுவர் நாவல். ஜே வில்லியம்ஸ், ரேமண்ட் அப்ராஷ்கின் என்று இரண்டு பேர் சேர்ந்து எழுதியது. வீட்டுப்பாடத்தை ஓர் இயந்திரத்தின் தலையில் கட்டிவிட்டு விளையாடப் போகலாம் என்று திட்டம் போடும் மூன்று பள்ளித் தோழர்களின் கதை. தலைப்பைக் கேட்டவுடனேயே "இதையா பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீர்கள்?" என்று முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட கொட்டகையில் மாலை நேர டியூஷன் நடத்துகிறேன். வருகிறவர்கள் சுற்றுவட்டாரப் பிள்ளைகள்தாம். காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவரின் மகள், கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவரின் இரட்டைப் பையன்கள், எம்.சி. ரோடு ஜவுளிக் கடையில் நாள் முழுவதும் நின்றுவிட்டு வரும் ஒரு தாயின் மகன், இப்படி. வெள்ளிக்கிழமை கடைசி அரை மணி நேரம் பாடம் கிடையாது, கதைதான். "நாங்கள் பணம் கட்டுவது கதைக்கா?" என்று கேட்ட பெற்றோரும் உண்டு. பணம் மற்ற நேரத்துக்கு, கதை சும்மா என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்த அரை மணி நேரத்தில் ஒவ்வொரு அத்தியாயமாக இந்த நாவலை வாசித்து, பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லி முடித்தோம்.

புத்தகம் கிடைத்தது சென்ட்ரல் அருகே ஒரு பழைய புத்தகக் கடையில். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்து போன பிறகு இடம் மாறி வந்த கடைகளில் ஒன்று அது. பொறியியல், போட்டித் தேர்வுப் புத்தகம் என்றால் அந்தக் கடைக்காரர் வாங்குகிறவரின் முகத்தைப் பார்த்து விலை சொல்வார். குழந்தைகள் புத்தகம் என்றால் தடிமனைப் பார்த்துச் சொல்வார். இது ஒல்லியான புத்தகம், 50 ரூபாய் என்று தொடங்கி 40க்கு இறங்கினார். அட்டையின் ஒரு மூலையைப் பூச்சி அரித்திருந்தது, உள்ளே ஒரு பக்கமும் பழுதில்லை. படங்கள் எஸ்ரா ஜாக் கீட்ஸ் வரைந்தவை. பின்னாளில், 1963இல், சிறுவர் படப் புத்தகத்துக்கான கால்டெகாட் பதக்கம் பெற்ற அதே கீட்ஸ்தான். அந்தப் பெயருக்காகவே எடுத்தேன் என்பதுதான் உண்மை. கதை இவ்வளவு வேலை வாங்கும் என்று அப்போது நினைக்கவில்லை.

டானி ஒரு சிறிய அமெரிக்க ஊரில் வளரும் சிவப்புத் தலைமுடிப் பையன். எதையாவது யோசித்துவிட்டால் உடனே செய்து பார்க்க வேண்டும் அவனுக்கு, விளைவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தோழன் ஜோ எதிலும் முதலில் ஆபத்தைத்தான் பார்ப்பான், கவிதையும் எழுதுவான். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவரும் ஐரீன் மூன்றாவது ஆள். டானி இருக்கும் வீடு பேராசிரியர் யூக்ளிட் புல்ஃபின்ச் என்ற அறிவியலாளருடையது. அந்த வீட்டு ஆய்வுக்கூடத்தில் அவர் உருவாக்கிய கணிப்பொறிதான் மினியாக், செல்லமாக மின்னி. பேராசிரியர் வெளியூர் போகும்போது இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை டானியிடம் விட்டுப் போகிறார். பார்த்துக்கொள்வது என்ற சொல்லுக்கு டானி எடுத்துக்கொண்ட பொருள்தான் மீதிக் கதை.

ஆனால் எங்கள் மாடியில் பரபரப்பு மின்னி வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கதையின் தொடக்கத்தில் டானி ஒரு சின்ன வேலை செய்கிறான். இரண்டு பேனாவை ஒன்றாகப் பிணைத்து, தான் எழுதும்போதே ஜோவுக்கும் ஒரு நகல் விழும்படி ஒரு சாதனம் வைத்திருக்கிறான். இதை வாசித்த அன்று நான் அடுத்த பக்கத்துக்குப் போகவே முடியவில்லை. "மிஸ், நாங்கள் இம்போசிஷனுக்கு இப்படித்தான் செய்வோம்" என்று ஒருவன் சொன்னதும் ஆளாளுக்குத் தங்கள் தொழில் ரகசியத்தை அவிழ்த்துவிட்டார்கள். இரண்டு பால்பாயிண்ட் பேனாவை ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டினால் கோடு போட்ட நோட்டில் அடுத்தடுத்த இரண்டு வரி ஒரே நேரத்தில் விழும். இடைவெளி சரியாக வரவேண்டும் என்றால் நடுவில் அழிரப்பரை வெட்டி வைக்க வேண்டுமாம். நான் படித்த காலத்திலும் இது இருந்தது. அழிரப்பர் நுணுக்கம் மட்டும் எனக்குப் புதிது.

டானியுடையது இரண்டு தனித்தனித் தாளில் எழுத வேண்டியது. அது கடினம். அடுத்த வெள்ளிக்கிழமை இரட்டையர்கள் முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலின் இரு முனையிலும் பேனாவைச் செங்குத்தாகக் கட்டிக்கொண்டு வந்தார்கள். முதல் பேனாவில் ஒருவன் 'தமிழ்நாடு' என்று எழுதினான். இரண்டாம் பேனாவில் விழுந்தது எழுத்து என்றே சொல்ல முடியாது. கை திரும்பும்போதெல்லாம் ஸ்கேலும் திரும்பியது. இங்கே ஒரு சிறு வளைவு என்றால் அங்கே பெரிய வீச்சு. 'ழ்' ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது, 'டு' தாளை விட்டே வெளியேறியது. பாதி இடங்களில் மையும் படவில்லை, பேனா முனை தாளை அழுத்தவில்லை. தண்ணீர் பாட்டிலை அதன் மேல் சாய்த்துப் பாரம் ஏற்றினார்கள். தாள் கிழிந்தது.

அப்போது ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அதிகம் பேசாதவள், இன்னொரு ஸ்கேலை எடுத்து முதல் ஸ்கேலுக்கு இணையாக வைத்தாள். இரண்டையும் குறுக்கே இரண்டு குச்சியால் தளர்வாகக் கட்டினால் ஸ்கேல் நகருமே தவிரத் திரும்பாது என்று விரலால் காட்டினாள். இணைகரம்! எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அப்போதுதான் பள்ளியில் அதற்குப் பரப்பளவு கண்டுபிடித்துச் சலித்துப் போயிருந்தார்கள். எதற்கு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை, நானும்தான். அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் 1800களின் தொடக்கத்தில் தன் கடிதங்களுக்கு நகல் எடுக்க இதே போன்ற இரட்டைப் பேனாப் பொறியை வைத்திருந்தார் என்று சொன்னேன். "அவருக்கும் இம்போசிஷனா?" என்று கேட்டார்கள். எங்கள் பொறி கடைசி வரை சரியாக எழுதவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐஸ் குச்சியும் நூலும் அந்த அளவுக்குத்தான் தாங்கும். ஆனால் எழுத்து சாயாமல் விழுந்தது.

ஒரு நாவல் இதைச் செய்ய வைத்தது என்பதற்காகவே முழு மதிப்பெண் போடலாம். நான் போடவில்லை, காரணம் பின்னால் வருகிறது.

கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு டானியின் வீடு. அவனுக்கு அப்பா இல்லை. அம்மா திருமதி டன், பேராசிரியரின் வீட்டை நிர்வகிக்கும் வேலைக்காரர். சமைக்கிறார், சுத்தம் செய்கிறார், அங்கேயே மகனுடன் குடியிருக்கிறார். எங்கள் டியூஷனில் சில பிள்ளைகளின் தாய்மார் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். அவர்களில் ஒரு பெண் கேட்டாள்: "அந்தப் பையன் அவர் வீட்டு நாற்காலியில் உட்காரலாமா மிஸ்?" உட்காரலாம், ஆய்வுக்கூடத்துக்குள் போகலாம், கருவிகளைத் தொடலாம், பேராசிரியர் அவனைச் சக ஆராய்ச்சியாளனைப் போல நடத்துகிறார் என்றேன். அவள் நம்பவில்லை. அவளுடைய அம்மா வேலை செய்யும் வீட்டில் விடுமுறை நாளில் அம்மாவோடு போனால் பின்பக்கப் படிக்கட்டில்தான் காத்திருக்க வேண்டும். அறுபது ஆண்டுகளுக்கு மேல் பழைய ஒரு நகைச்சுவைக் கதை, இந்த விஷயத்தைக் கொஞ்சமும் பெரிதுபடுத்தாமல், இயல்பான ஒன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறது. பேராசிரியர் டானிக்கு அறிவுரை சொல்லும் இடங்களைவிட, சாவியை அவனிடம் கொடுத்துவிட்டுப் போகிற இடம்தான் என் பிள்ளைகளுக்குச் சாகசமாகத் தெரிந்தது.

ஐரீனைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த வரிசையில் மொத்தம் 15 நாவல்கள், 1956 முதல் 1977 வரை வந்தவை. ஐரீன் முதன்முதலில் வருவது இதில்தான். அப்பா வானியல் அறிஞர், மகளுக்கும் அறிவியலில் டானிக்குக் குறையாத ஈடுபாடு. 1958இல் ஒரு சிறுவர் சாகசக் கதையில் பெண் பிள்ளை கணக்கும் இயற்பியலும் பேசிக்கொண்டு வருவது சாதாரணமல்ல. ஆனால் முக்கியமான தருணங்களில் கதை கடைசியில் டானியைத்தான் முன்னால் நிறுத்துகிறது. "அவளுக்குத் தெரியும் என்றால் அவளே செய்யலாமே, எதற்கு இவனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்?" என்று ஏலக்காரர் மகள் எரிச்சலோடு கேட்டாள். நியாயமான கேள்வி. எழுதியவர்கள் பாதித் தூரம் வந்து நின்றுவிட்டார்கள். ஜோ அந்த அளவுக்குக்கூட வளரவில்லை, புலம்பவும் சிரிக்க வைக்கவும் வருகிறான், போகிறான். ஆனாலும் பையன்களில் பாதிப் பேருக்கு அவனைத்தான் பிடித்திருந்தது.

இப்போது இயந்திரத்துக்கு வருவோம். கதை வந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொண்டால்தான் மின்னியின் அருமை தெரியும். 1946இல் அமெரிக்கா அறிமுகப்படுத்திய எனியாக் கணிப்பொறியில் கிட்டத்தட்ட 18,000 வெற்றிடக் குழாய்கள், எடை ஏறக்குறைய 30 டன். பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் சொந்தமாக உருவாக்கிய டிஃப்ராக் கணிப்பொறி முழுதாக இயங்கத் தொடங்கியது 1960இல். அதாவது இந்தக் கதை அச்சாகும்போது நம் நாட்டில் கணிப்பொறிகளைக் கைவிரல்களால் எண்ணிவிடலாம். அந்தக் காலத்தில், ஒரு வீட்டுக்குள் அடங்கும் கணிப்பொறியில் பிள்ளைகள் வரலாறு, கணக்கு வீட்டுப்பாடம் செய்வதாக எழுதியிருக்கிறார்கள். இதை வாசித்துக் காட்டியபோது யாரும் வியக்கவில்லை. கையில் தொலைபேசி வைத்திருக்கும் பிள்ளைக்கு எதற்கு வியப்பு? டன் கணக்கில் எடை என்றதும்தான் லாரிக்காரர் பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். எத்தனை டிரெய்லர் வேண்டும் என்று அவர்களுக்குள் ஒரு வாதம் நடந்தது.

கதையின் உயிர் இதில் இருக்கிறது: மின்னிக்குத் தானாக எதுவும் தெரியாது. பாடப் புத்தகத்தில் உள்ளதை அதற்குள் ஏற்ற வேண்டும். எதைக் கேட்கிறோம், எந்த வரிசையில் கேட்கிறோம் என்று தெளிவாக அமைத்துக் கொடுக்க வேண்டும். மூன்று பேரும் உட்கார்ந்து பாடத்தைப் படித்து, பிரித்து, ஒழுங்குபடுத்தி இயந்திரத்துக்குக் கொடுக்கிறார்கள். அதற்குள் பாடம் அவர்கள் தலைக்குள் போய்விடுகிறது, அவர்களுக்கு மட்டும் அது தெரியாது. வேலையைக் குறைக்கப் போய் இரட்டிப்பு வேலை செய்கிறார்கள். வாசிக்கிறவர்களுக்கு இது மெல்ல மெல்லத்தான் விளங்குகிறது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குத்தான் முதலில் உறைத்தது. "ஐயோ, இவர்கள் ஏமாந்து போகிறார்கள் மிஸ்" என்று கதை நடுவில் கத்தினான். மற்றவர்களுக்குச் சொல்லாதே என்று கண்ணைக் காட்டினேன்.

இங்கேதான் 1958க்கும் இன்றைக்கும் நடுவில் புத்தகத்தில் ஒரு விரிசல் விழுகிறது. 2022 கடைசியில் சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலி வந்தது. அதன் பிறகு வந்த இந்த வகைச் செயலிகளுக்கு நாம் பாடத்தை ஏற்ற வேண்டியதில்லை. யார் யாரோ எழுதியதை எல்லாம் ஏற்கெனவே ஏற்றித்தான் கொடுக்கிறார்கள். கேள்வியைக்கூட அமைக்க வேண்டாம், பாடப் புத்தகத்தைப் படம் பிடித்துக் காட்டினால் போதும். டானி பட்ட பாட்டை எங்கள் பிள்ளைகள் படவேண்டியதில்லை. ஆகவே 'இயந்திரத்தை வைத்து ஏமாற்றப் போனால் நீ கற்றுக்கொண்டுதான் தீர வேண்டும்' என்று இந்த நாவல் தரும் ஆறுதல் இன்றைக்குச் செல்லாது. புத்தகத்தைப் பெற்றோரிடம் பரிந்துரைக்கும்போது இதை மறைக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

நாங்கள் பாதிக் கதையில் இருந்தபோதே இதற்குச் சான்றும் கிடைத்தது. 'உங்கள் பகுதியில் உள்ள ஒரு வரலாற்றுச் சின்னம்' என்று பள்ளியில் ஒரு பக்கக் கட்டுரை கொடுத்திருந்தார்கள். மூன்று பேர் ராயபுரம் ரயில் நிலையத்தை எழுதிக் கொண்டு வந்தார்கள். மூன்று நோட்டிலும் ஒரே முதல் வரி, நல்ல செந்தமிழில்: 'இந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட பெருமைக்குரிய நிலையம்.' தவறு. இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853இல் பம்பாயிலிருந்து தாணேவுக்குப் போனது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856இல் போனது தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். மூவரில் ஒருவன் அந்த நிலையத்துக்குப் பின்தெருவில் வசிக்கிறவன், ரயில் சத்தத்தில்தான் தூங்கி எழுகிறான். முன்பக்கத்தில் எத்தனை தூண் இருக்கிறது என்று கேட்டேன். தெரியவில்லை. கட்டுரையில் தூண்களைப் பற்றி இரண்டு அழகான வாக்கியம் இருந்தது.

நாவலில் குட்டை உடைக்கும் வேலையை எட்டி என்ற பையன் செய்கிறான். மூவரும் இயந்திரத்தில் வீட்டுப்பாடம் செய்வதைப் பார்த்துவிட்டு ஆசிரியை மிஸ் ஆர்னால்டிடம் போட்டுக் கொடுக்கிறான். எங்களுக்கு எட்டி தேவைப்படவில்லை, அந்த ஒரு வரியே போதுமானதாக இருந்தது. நான் திட்டவில்லை. மின்னிக்குப் பாடம் ஏற்றுவது போல அந்த மூவரும் ராயபுரம் நிலையத்தைப் பற்றி ஒரு தாள் தயாரிக்க வேண்டும், செயலிக்கு அந்தத் தாளை மட்டும் கொடுத்துக் கட்டுரை கேட்க வேண்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். தூண்களை எண்ணினார்கள். டிக்கெட் கொடுக்கிறவரிடம் கேள்வி கேட்டு விரட்டப்பட்டார்கள். வாசலில் மோர் விற்கும் பாட்டியிடம் கேட்டு, சரியோ தவறோ, எதையோ எழுதிக்கொண்டு வந்தார்கள். தாள் தயாரானதும் செயலி எதற்கு என்று அவர்களுக்கே தோன்றிவிட்டது என்று எழுதினால் அழகாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. செயலியிடம் கொடுத்தார்கள், அது தூண்களை மறுபடியும் 'கம்பீரமான' என்று சொன்னது, பாட்டியை விட்டுவிட்டது. பாட்டியை விட்டதில்தான் அவர்களுக்குக் கோபம்.

மிஸ் ஆர்னால்ட் செய்வதைப் பற்றிப் பேசாமல் ஒரு டியூஷன் மிஸ் எப்படி இந்தப் புத்தகத்துக்கு மதிப்புரை எழுத முடியும்? விஷயம் தெரிந்ததும் அவர் கூச்சல் போடவில்லை. டானி வாதாடுகிறான்: அறிவியலாளர்கள் கணிப்பொறியைப் பயன்படுத்தலாம் என்றால் மாணவர்கள் ஏன் பயன்படுத்தக் கூடாது? நல்ல வாதம், ஆசிரியையால் எளிதில் தள்ளிவிட முடியாதது. பிறகு நடப்பது என்னவென்றால், அவர்களுக்கு வரும் வீட்டுப்பாடம் கூடுகிறது, கடினமும் ஆகிறது. இயந்திரத்துக்கு அதை ஊட்ட அவர்கள் இன்னும் படிக்க வேண்டியிருக்கிறது. திருமதி டன் இந்தச் சூட்சுமத்தைப் புரிந்துகொண்டவர். பெரியவர்கள் சேர்ந்து, அதட்டாமல் அடிக்காமல், பிள்ளைகளைப் படிக்க வைத்துவிடுகிறார்கள்.

எங்கள் மாடியில் இதற்குக் கடும் எதிர்ப்பு. "மிஸ் செய்வதும் ஏமாற்றுதான்" என்றார்கள். பிள்ளைகள் மறைத்தால் குற்றம், மிஸ் மறைத்தால் சாமர்த்தியமா? நான் முதலில் மிஸ் ஆர்னால்டின் பக்கம்தான் நின்றேன், ஒரே தொழிலில் இருக்கிறோம் அல்லவா. ஆனால் யோசித்துப் பார்த்தால் பிள்ளைகள் சொல்வதில் பொருள் இருக்கிறது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேலையைக் கூட்டிக் கொடுத்துச் சமாளிப்பது பெரியவர்களுக்கு மிகவும் வசதியான வழி. வீட்டுப்பாடம் எதற்கு, எவ்வளவு என்ற கேள்வியை டானி கிளப்புகிறான், நாவல் அதை நகைச்சுவையில் கரைத்துவிடுகிறது. 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போகிற அளவுக்குக் கனமானது. என்னிடம் வருகிற பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்ய டியூஷனுக்கு வந்து, டியூஷனில் கொடுத்ததை வீட்டில் செய்து, இரண்டுக்கும் நடுவில் குழாயடியில் தண்ணீர் பிடிக்கவும் நிற்கிறார்கள். டானிக்குத் தண்ணீர் பிடிக்கிற வேலை இல்லை.

எட்டியின் பாத்திரம் தேய்ந்த அச்சு. பொறாமைக்காரன், கோள் சொல்லி. இயந்திரத்தில் கை வைத்துக் கெடுப்பவனும் அவனே. முக்கியமான விருந்தினர்களுக்கு முன்னால் மின்னி காலை வாருகிறது, டானி காரணத்தைக் கண்டுபிடித்து மானத்தைக் காப்பாற்றுகிறான். கடைசி அத்தியாயங்களில் விறுவிறுப்பு இருக்கிறது, அதில் குறையில்லை. ஆனால் இயந்திரம் தானாகவே ஏதாவது தகராறு செய்திருந்தால் கதை இன்னும் நன்றாக இருந்திருக்கும். பாவம், மின்னி ஒரு தவறும் செய்யாத இயந்திரம். கெட்டதெல்லாம் கெட்ட பையனால் வந்தது என்று முடிப்பது சுலபம். எங்கள் ராயபுரம் கட்டுரையில் எந்தக் கெட்ட பையனும் இல்லை, இயந்திரம் தெளிவான தமிழில் தவறாகச் சொன்னது, அவ்வளவுதான். நான் குறைக்கும் மதிப்பெண் முழுவதும் இந்த இடத்துக்குத்தான்.

எழுதிய இருவரைப் பற்றி ஒரு வார்த்தை. அப்ராஷ்கின் 1960இல் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு வந்த நாவல்களிலும் வில்லியம்ஸ் தோழரின் பெயரை அட்டையில் விடாமல் போட்டார். தோழர்களைப் பற்றிய கதை வரிசைக்கு இது பொருத்தமாக இருந்தது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். ஒருவன், "அப்படியானால் பணம்?" என்று கேட்டான். எம்.சி. ரோடு பையன்.

மொழி பற்றி. ஆங்கிலம் எளிமை, வாக்கியங்கள் குட்டை, உரையாடல் அதிகம். ஆங்கில வழியில் படிக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளை அகராதி இல்லாமல் பெரும்பகுதியைத் தாண்டிவிடும். கணிப்பொறி எப்படி இயங்குகிறது என்று பேராசிரியர் விளக்கும் பக்கங்களில்தான் வேகம் குறையும். அவற்றைத் தள்ளிவிட வேண்டாம். இன்றைய பாடப் புத்தகங்களைவிட அவை பொறுமையாக விளக்குகின்றன. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு யாராவது ஒருவர் உட்கார்ந்து சொல்ல வேண்டும், ஒரு மாலைக்கு ஒரு அத்தியாயத்துக்கு மேல் வேண்டாம். பெயர்களை மாற்றி டானியைத் தினேஷ் ஆக்காதீர்கள். நான் ஒரு பத்தி அப்படிச் சொல்லிப் பார்த்தேன், பிள்ளைகளே தடுத்துவிட்டார்கள். பனியும் சிவப்பு முடியும் இருக்கிற ஊர்க்காரனுக்கும் வீட்டுப்பாடம் கசக்கிறது என்பதில்தான் அவர்களுக்கு மகிழ்ச்சி.

ஒன்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கதை பிடிபடாது, கீட்ஸின் படங்களைப் பார்க்கட்டும். பதின்மூன்றைத் தாண்டியவர்கள் முதலில் 'சின்னப் பிள்ளைக் கதை' என்று ஒதுக்குவார்கள். எட்டி காட்டிக் கொடுக்கும் அத்தியாயத்திலிருந்து தொடங்கி வாசித்தால் உட்கார்ந்துவிடுவார்கள், பிறகு அவர்களே முன்பக்கம் போவார்கள். பழைய பிரதி வாங்குகிறவர்கள் கடைசி அத்தியாயம் முழுதாக இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து வாங்குங்கள். புதிதாக வரவழைக்கிறவர்கள் படங்கள் இருக்கும் பதிப்பா என்று கேட்டுக்கொள்ளுங்கள். என் பிரதி இப்போது இரட்டையர்கள் வீட்டில் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டும் என்று சண்டை என்று அவர்கள் அம்மா போன் செய்தார். இதற்கு மேல் அங்கே என்ன நடக்கிறது என்று நான் விசாரிக்கவில்லை.